கலங்கலை நம்பிய காலம்

பல்லின் வேர்க்குழாயை அடைக்கும் பொருள்களில் எது குறைவாகக் கசிகிறது என்று ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுரைகளை இனி ஏற்பதற்கில்லை என்று 2007இல் ஓர் அமெரிக்க ஆய்விதழின் ஆசிரியர் குழு அறிவித்தது. 'ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ்' என்ற அந்த இதழ், ரூட் கேனால் சிகிச்சைத் துறையின் முதன்மை இதழ்களுள் ஒன்று. பல ஆண்டுகளாக அதன் பக்கங்களில் கணிசமான பங்கை நிரப்பி வந்தவை இத்தகைய கட்டுரைகள்தான். முதுநிலை மாணவர்களுக்குக் கைகொடுத்த தலைப்பு அது. பிடுங்கிய பற்கள் கிடைக்கும், செலவு குறைவு, நோயாளியை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டாம், சில மாதங்களில் முடிவு கைக்கு வந்துவிடும். இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வேடுகளிலும் அது பழகிய தலைப்புதான். அப்படிப்பட்ட ஒரு சோதனை முறையை அதை வளர்த்த இதழே ஏன் ஒதுக்கியது? சோதனை பொய் சொன்னது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது சரியான விடை ஆகாது. சோதனை தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு உண்மையாகவே விடை சொன்னது. பல் மருத்துவ உலகம் அந்த விடையை வேறொரு கேள்விக்குரியதாக எடுத்துக்கொண்டது என்பதுதான் இந்தச் சோதனையின் வரலாறு நமக்குக் காட்டுவது.

முதலில் சிகிச்சையையும் சோதனையையும் பார்த்துவிடலாம். சொத்தை ஆழமாகிப் பல்லின் நடுவிலுள்ள பற்கூழ் அழுகிவிட்டால், வேரின் உள்ளே ஓடும் மெல்லிய குழாயில் பாக்டீரியா குடியேறும். வேர்நுனியைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்து எக்ஸ்ரேயில் கருநிழலாகத் தெரியும். மருத்துவர் அந்தக் குழாயை நுண்ணிய அரங்களால் தேய்த்து, கிருமிநாசினியால் கழுவி, கட்டாபெர்ச்சாக் குச்சிகளாலும் சீலர் எனப்படும் பசையாலும் அடைக்கிறார். மேலே சிமெண்டோ கேப்போ வைக்கிறார். பாக்டீரியாக் கசிவுச் சோதனையில் இதே அடைப்பைப் பிடுங்கிய பல்லில் செய்வார்கள். பெரும்பாலும் பல்லின் மேற்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, வேரை ஒரு பிளாஸ்டிக் குழலின் அடியில் பொருத்தி, சுற்றியுள்ள இடுக்கை மெழுகாலோ பசையாலோ மூடுவார்கள். மேலே உள்ள குழலில் பாக்டீரியா கலந்த திரவம். கீழே, வேர்நுனி தோய்ந்திருக்கும் குப்பியில் கிருமி நீக்கிய ஊட்டத் திரவம். கீழ்த்திரவம் என்றைக்குக் கலங்குகிறதோ அன்றைக்குப் பாக்டீரியா வேரின் முழு நீளத்தையும் கடந்துவிட்டது என்று குறித்துக்கொள்வார்கள். எந்தப் பொருள் அடைத்த குப்பிகள் பிந்திக் கலங்குகின்றனவோ அந்தப் பொருளே சிறந்தது என்பது முடிவு.

வேர்க்குழாய் நீர்புகாதபடி அடைக்கப்பட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அடைக்கும் பொருளின் பூர்வீகமே துணை நின்றது. மலாய்க் காடுகளின் மரப்பாலிலிருந்து வரும் கட்டாபெர்ச்சா, 1840களில் சிங்கப்பூர் வழியாக ஐரோப்பாவுக்கு அறிமுகமாயிற்று. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகி, உப்புநீரை உள்ளே விடாத பொருள் என்று பெயர் வாங்கியது. 1867இல் பௌமன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அதை வேர்க்குழாய் அடைப்புக்குப் பயன்படுத்தினார். அதே நூற்றாண்டின் இறுதியில் பெர்லினில் பணியாற்றிய மில்லர், வாயிலுள்ள நுண்ணுயிர்களை விரிவாக ஆராய்ந்து 1890இல் நூலாக்கினார். நோயுற்ற பற்கூழிலும் பாக்டீரியா இருப்பதைக் காட்டினார். இவ்வாறு அடைப்பும் கிருமியும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. ஆனால் இரண்டையும் இணைத்த நிகழ்வு ஆய்வுக்கூடத்தில் நடக்கவில்லை. 1910இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் பல் மருத்துவர்களைச் சாடினார். அழுகிய வேர்களின் மேல் தங்கம் பூசி மறைக்கிறார்கள், அந்த அழுகலே உடலெங்கும் நோய் பரப்புகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அதைத் தொடர்ந்து வளர்ந்த நோய்க்குவியக் கோட்பாடு, அடைத்த பற்களையெல்லாம் ஐயத்துக்குரியவை ஆக்கியது. அமெரிக்காவில் எண்ணற்ற பற்கள் பிடுங்கப்பட்டன. பல்லைக் காப்பாற்ற விரும்பிய மருத்துவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது: தங்கள் அடைப்பு கசியாது என்று மெய்ப்பிப்பது.

அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் கசிவு பற்றிய முதல் பெரிய கோட்பாடு. 1931இல் பாரிஸில் கூடிய பன்னாட்டுப் பல் மருத்துவ மாநாட்டில் ரிக்கெர்ட்டும் டிக்ஸனும் ஒரு சோதனையை விவரித்தார்கள். முயலின் திசுவுக்குள் உள்ளீடற்ற உலோகக் குழல்களைப் பதித்தபோது, குழலின் திறந்த முனையைச் சுற்றி அழற்சி வளையம் தோன்றிற்று. குழலுக்குள் தேங்கும் திசுநீர் கெட்டு மீண்டும் வெளியே கசிவதே காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். அடைக்காத வேர்க்குழாயும் அப்படித்தான் என்பது அதிலிருந்து கிளைத்த படிப்பினை. 1955இல் டௌவும் இங்கிலும் கதிரியக்க அயோடினைக் கொண்டு, சரியாக அடைக்காத வேரின் நுனி வழியே திரவம் உட்புகுவதைப் படமெடுத்தார்கள். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இங்கில் நடத்திய புகழ்பெற்ற தொடர் ஆய்வு, தோற்ற சிகிச்சைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குக் குழாய் முழுமையாக அடைபடாததே காரணம் என்று வகைப்படுத்தியது. அந்த எண் பாடநூல்களுக்குள் நுழைந்தது. அதன்பின் தோல்வி என்றால் கசிவு, கசிவு என்றால் வேர்நுனி என்பது துறையின் பொது அறிவாகிவிட்டது. ஆனால் அந்த ஆய்வு கண்டது, மோசமான அடைப்பும் தோல்வியும் சேர்ந்து வருகின்றன என்பதைத்தான். குழாயைச் சரியாக அடைக்காத கை, அதைச் சரியாகச் சுத்தம் செய்திருக்குமா என்ற கேள்வி அங்கே எழுப்பப்படவே இல்லை.

அந்தக் கேள்விக்கு 1960களிலும் 70களிலும் வலுவான சான்றுகள் வந்தன. 1965இல் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். உணவுத் துணுக்குகள் அடைத்துக்கொண்டும்கூட அந்தப் பற்களில் வேர்நுனி நோய் வரவில்லை. சாதாரண எலிகளுக்கோ பற்கூழ் அழுகி வேர்நுனியில் சீழ் வைத்தது. 1976இல் ஸ்வீடனின் சுன்ட்குவிஸ்ட், அடிபட்டுப் பற்கூழ் செத்தும் மேலே உடையாத பற்களை ஆராய்ந்தார். எலும்பு கரைந்திருந்த 19 பற்களில் 18இல் பாக்டீரியா இருந்தது. எலும்பு நலமாக இருந்த பற்களில் இல்லை. செத்த திசுவோ தேங்கிய நீரோ தானாக நோய் உண்டாக்குவதில்லை, பாக்டீரியாதான் உண்டாக்குகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. டோர்னெக் போன்றவர்கள் எலிகளில் பதித்த பாலிஎத்திலீன் குழல்களும் ரிக்கெர்ட்டின் உள்ளீடற்ற குழல் கோட்பாட்டை ஆட்டங்காணச் செய்தன. இந்த இடத்தில் துறையின் கவனம் அடைப்பதிலிருந்து சுத்தம் செய்வதற்கு நகர்ந்திருக்க வேண்டும். ஓரளவு நகரவும் செய்தது. கசிவுச் சோதனை மட்டும் விடைபெறவில்லை. கெட்ட நீருக்குப் பதிலாகப் பாக்டீரியாவைத் தன் நாயகனாக்கிக்கொண்டு முன்னைவிட வேகமாகப் பெருகிற்று.

அந்தப் பெருக்கத்தின் பெரும்பகுதி சாயத்தில் நடந்தது. அடைத்த வேரை மெத்திலீன் நீலத்தில் ஊறவைத்து, பிளந்து, சாயம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்று அளப்பார்கள். சைக்கிள் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பதுபோல எல்லோருக்கும் புரியும் முறை அது. அதன் கவர்ச்சியும் ஆபத்தும் அந்த எளிமையில்தான் இருந்தன. டியூப் பழுதாவது காற்று வெளியேறுவதால். தொட்டியும் அதையே காட்டுகிறது. பல் பழுதாவது நீலச் சாயத்தால் அன்று. சாய மூலக்கூறு பாக்டீரியாவைவிடப் பல மடங்கு சிறியது. பாக்டீரியா நுழைய முடியாத இடுக்கிலும் அது நுழையும். 1989இல் ஸ்பாங்பெர்க்கும் உடனாய்வாளர்களும் இன்னொரு குறையைக் காட்டினார்கள். இடுக்குகளில் சிக்கிய காற்று சாயத்தைத் தடுப்பதால், வெற்றிடத்தில் செய்யாத சோதனைகள் உண்மையான இடைவெளியை மறைத்துவிடுகின்றன. சில அடைப்புப் பொருள்கள் மெத்திலீன் நீலத்தை வெளுக்கச் செய்கின்றன என்று 1990களின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்படியானால் சாயம் தெரியாத பல், கசியாத பல்லாகவும் இருக்கலாம், சாயத்தை வெளுத்துவிட்ட பல்லாகவும் இருக்கலாம். சாயத்தின் மேல் இத்தனை ஐயங்கள் சேர்ந்த பிறகு, நோயை உண்டாக்கும் பாக்டீரியாவையே அளவுகோலாக்குவது இயல்பான அடுத்த படியாகத் தோன்றியது.

அந்தப் படியில் ஏறியவர்கள் உண்மையிலேயே ஒரு புதிய உண்மையைக் கண்டார்கள். அதுவரை பெரும்பாலோர் வேர்நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1987இல் ஸ்வான்சனும் மேடிசனும் அடைத்த பற்களின் மேற்பகுதியைச் செயற்கை உமிழ்நீரில் திறந்து வைத்துப் பிறகு பழைய சாயத்தாலேயே சோதித்தபோது, 3 நாள்களிலேயே வேரின் பெரும்பகுதிக்குள் கசிவு இறங்கியிருந்தது. 1990இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாடும் உடனாய்வாளர்களும் இரண்டு பாக்டீரியாக்களைக் கொண்டு இதையே சோதித்தார்கள். தானாக நகராத ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் 19 நாள்களில் பாதிக்கும் மேற்பட்ட வேர்களைக் கடந்தது. நீந்தக்கூடிய புரோட்டியஸ் வல்காரிஸுக்குப் பாதி வேர்களைக் கடக்க 42 நாள்கள் ஆயின. 1993இல் மனித உமிழ்நீரையே வைத்துச் சோதித்தபோது எல்லா வேர்களும் 30 நாள்களுக்குள் மாசுபட்டன. வேரை எவ்வளவு அழகாக அடைத்தாலும் மேலே கதவு திறந்திருந்தால் வாயின் கிருமி கீழே இறங்க முடியும் என்பதை இந்தச் சோதனைகள் மறுக்க முடியாதபடி காட்டின. இறங்க முடியுமா என்ற கேள்விக்கு இது நேர்மையான, முழுமையான விடை.

ஆய்வுக்கூடம் தந்த இந்தக் குறிப்பை மருத்துவமனைப் பதிவுகளில் தேடியவர்களும் உண்டு. 1995இல் ரேயும் ட்ரோப்பும் 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். வேரடைப்பும் மேலடைப்பும் நன்றாக இருந்த பற்களில் 91.4 விழுக்காட்டில் நோய்க்குறி இல்லை. இரண்டும் மோசமான பற்களில் இந்த எண் 18.1 மட்டுமே. வேரடைப்பு நன்றாக இருந்தும் மேலடைப்பு மோசமானால் 44.1, மேலடைப்பு நன்றாக இருந்து வேரடைப்பு மோசமானால் 67.6. மேலே வைக்கும் சிமெண்டும் கேப்பும்தான் முக்கியம் என்று பலர் இதைப் படித்துக்கொண்டார்கள். ஆனால் 2000இல் ட்ரான்ஸ்டாட் தலைமையில் நார்வேயில் 1,001 பற்களில் செய்த இதேபோன்ற ஆய்வு, வேரடைப்பின் தரமே கூடுதல் முக்கியம் என்று கண்டது. 2011இல் கில்லனும் உடனாய்வாளர்களும் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டபோது, இரண்டும் நன்றாக இருந்தால்தான் பல் ஆறும் வாய்ப்பு உயர்கிறது என்ற நடுநிலை முடிவுக்கு வந்தார்கள். மேலடைப்பைப் பற்றிய அக்கறை நிலைத்துவிட்டது. அதுவே கசிவுச் சோதனைகள் துறைக்குத் தந்த நிலையான கொடை.

தவறு நடந்தது இதற்கு அடுத்த அடியில். கிருமி இறங்க முடியும் என்று காட்டிய கருவியைக் கொண்டே, எந்த நிறுவனத்தின் சீலர் சிறந்தது, எந்த முறையில் அடைத்தால் நோயாளிக்கு நல்லது என்று தரவரிசை போடத் தொடங்கினார்கள். அந்தத் தரவரிசைக்கு வாயில் நடப்பதோடு தொடர்பு உண்டா என்று பார்த்தவர்கள் சிலரே. பார்த்தவர்கள் கண்டது சாதகமாக இல்லை. 1983இலேயே பிட் ஃபோர்ட், அடைப்பின் இறுக்கத்துக்கும் திசுவின் எதிர்வினைக்கும் ஒத்திசைவு இல்லை என்று எழுதினார். 2001இல் ஆஸ்திரேலியாவின் ஆலிவரும் ஆபட்டும், வாயில் இருந்தபோது வெற்றி பெற்றவையும் தோற்றவையுமாக 116 வேர்களைப் பிடுங்கிய பின் சாயத்தில் சோதித்தார்கள். 99.5 விழுக்காடு வேர்களில் சாயம் நுழைந்தது. ஏறத்தாழ எல்லாமே கசிந்தன. ஆனால் எல்லாமே தோற்கவில்லை. பாக்டீரியாவுக்கும் இதே கதைதான். 2003இல் ரிக்கூச்சியும் பெர்ஜென்ஹோல்ட்ஸும், மேலடைப்பு விழுந்தோ உடைந்தோ 3 மாதங்களுக்குக் குறையாமல் வாயில் திறந்து கிடந்த 32 பற்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். நன்கு சுத்தம் செய்து அடைத்த வேர்கள், அத்தனை காலம் திறந்து கிடந்தும் பாக்டீரியாவைப் பெரும்பாலும் தடுத்து நின்றிருந்தன. ஆய்வுக்கூடம் 30 நாள் என்று சொன்ன இடத்தில் வாய் அப்படிச் சொல்லவில்லை.

இந்த முரணுக்குக் காரணம் சோதனைக் குப்பியின் அமைப்பிலேயே இருக்கிறது. கீழ்க்குப்பியில் உள்ளது முழுமையான ஊட்டம்; தற்காக்கும் வெள்ளணுவோ உடலின் வேறெந்தக் காவலோ அங்கில்லை. ஒரே ஒரு பாக்டீரியம் வந்து சேர்ந்தாலும் அது பெருகி மறுநாளே குப்பியைக் கலக்கிவிடும். ஆயிரம் கோடி வந்ததும் ஒன்று வந்ததும் அந்தக் கலங்கலில் ஒன்றுதான். நோயோ எண்ணிக்கையையும் வகையையும் உடலின் எதிர்ப்பையும் பொறுத்தது. சீலருக்கே கிருமிகொல்லும் ஆற்றல் இருந்தால், இடைவெளி இருந்தும் சில வாரங்கள் குப்பி தெளிந்தே இருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, 2011இல் சூரிக் ஆய்வாளர்கள் ரெஷென்பெர்க்கும் ஸெண்டரும் உடனாய்வாளர்களும் இச்சோதனைகளின் அடித்தளத்தையே தட்டிப் பார்த்தார்கள். பல்லுக்கும் பிளாஸ்டிக் குழலுக்கும் நடுவே வைக்கும் மெழுகு, பசை இணைப்பின் வழியாகவே பாக்டீரியா கீழே இறங்கிவிடக்கூடும் என்று காட்டினார்கள். அப்படியானால் இத்தனை ஆண்டுகள் குப்பியில் அளக்கப்பட்டவற்றில் எவ்வளவு வேரின் கசிவு, எவ்வளவு மெழுகின் கசிவு என்று பிரித்தறிய வழியில்லை.

தரவரிசையை நம்பியதற்கான விலை என்ன என்பதை ரெசிலான் என்ற பொருளின் வரலாறு சொல்லும். கட்டாபெர்ச்சா சீலரோடு ஒட்டாது. அதற்கு மாற்றாக, சுவரோடும் சீலரோடும் ஒன்றாகப் பிணையும் பாலிமர் என்று அது அறிமுகமாயிற்று. 2004இல் வட கரோலினாவில் பாக்டீரியாக் கசிவுச் சோதனையில் அது கட்டாபெர்ச்சாவைவிடத் தெளிவாகக் குறைவாகக் கசிந்தது. அந்த முடிவு பல நாட்டு மருத்துவர்களின் தேர்வைப் பாதித்தது. அடுத்த ஆண்டே, அந்தப் பாலிமரை நொதிகள் சிதைக்கக்கூடும் என்று டேயும் உடனாய்வாளர்களும் எச்சரித்தார்கள். சில வாரங்களில் முடியும் சோதனையில் தெரியாத குறை அது. பல்லோ ஆண்டுக்கணக்கில் வாயில் இருக்க வேண்டும். 2017இல் வெளியான நீண்டகாலப் பின்தொடர் ஆய்வில், ரெசிலானால் அடைத்த பற்கள் தோற்கும் வாய்ப்பு கட்டாபெர்ச்சாவைவிட 5.7 மடங்கு என்று தெரிந்தது. அதற்குள் அந்தப் பொருள் சந்தையை விட்டு மறைந்திருந்தது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. வேர்நுனி அறுவைக்குப் பின் அடைக்கும் எம்.டி.ஏ. என்ற சிமெண்டை முதலில் அடையாளம் காட்டியது இதே கசிவுச் சோதனைதானே? 1995இல் டொராபினெஜாட் செய்த சோதனையில் அமால்கம், சூப்பர் ஈ.பி.ஏ., ஐ.ஆர்.எம். ஆகிய பிற அடைப்புப் பொருள்களால் அடைத்த வேர்களில் பெரும்பாலானவை 6 முதல் 57 நாள்களுக்குள் கசியத் தொடங்கின, எம்.டி.ஏ. அடைத்தவற்றில் பெரும்பாலானவை 90 நாளும் கசியவில்லை. எம்.டி.ஏ. இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் 2003இல் லண்டனில் நோயாளிகளிடம் நடத்திய ஒப்பீட்டில் 2 ஆண்டுகளுக்குப் பின் எம்.டி.ஏ. 92 விழுக்காடும் ஐ.ஆர்.எம். 87 விழுக்காடும் வெற்றி கண்டன; புள்ளியியல்படி அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. குப்பியில் மலையளவு தெரிந்த இடைவெளி வாயில் வரப்பளவாகச் சுருங்கிவிட்டது. எம்.டி.ஏ. நிலைத்ததற்குத் திசுவோடு அது இணங்கிப்போவதும் பின்வந்த மருத்துவ ஆய்வுகளும் காரணம். குப்பி மட்டும் காரணமன்று.

இன்னொரு வாதமும் உண்டு. புதிய பொருளை நேரே நோயாளியிடம் சோதிப்பது அறமாகாது. முதலில் ஆய்வுக்கூடத்தில் சலித்தெடுக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் சல்லடை என்றால் கல்லை நிறுத்தி அரிசியை விட வேண்டும். 99.5 விழுக்காட்டையும் குற்றவாளியாக்குகிற சோதனையும், பின்னால் தோற்கப்போகும் பொருளை முதலிடத்தில் வைக்கிற சோதனையும் சலிக்கவே இல்லை. திரவ அழுத்தத்தையோ குளுக்கோஸையோ கொண்டு நுட்பமாக அளக்கும் புதிய முறைகள் வந்ததும் இதை மாற்றவில்லை. தவறான அளவை நான்கு தசம இடம் வரை துல்லியமாகச் சொன்னாலும் அது தவறான அளவுதான். சலிக்க வேண்டியது பொருள் திசுவுக்குத் தீங்கு செய்யுமா, கரையுமா, ஆண்டுக்கணக்கில் நிலைக்குமா என்பதை. அவற்றுக்குத் தனித்தனிச் சோதனைகள் உண்டு.

ஆகவே 2007இன் முடிவை ஓர் அறிவியல் முறைக்கு விழுந்த தண்டனை என்று படிக்க வேண்டியதில்லை. எந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு உரியது என்று எல்லை வகுத்த தீர்ப்பு அது. கசிவுச் சோதனை சொன்னதில் நிலைத்தது ஒன்றே: வேரடைப்பு மட்டும் பல்லைக் காக்காது. ரூட் கேனால் முடித்துக்கொண்டவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். மருத்துவர் வைத்தது தற்காலிக சிமெண்ட் என்றால் வலி போய்விட்டது என்று மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடாமல், நிலையான அடைப்பையோ கேப்பையோ சொன்ன நாளுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் பொருள் கசியாதது என்ற விளம்பரத்தைப் பார்த்தால், அது எத்தனை நோயாளிகளிடம், எத்தனை ஆண்டு பார்த்து அறிந்த முடிவு என்று கேளுங்கள்.